விதையாக வந்த மரங்கள்

மாமனார் காலமானதிலிருந்து, சென்னையில் இருக்கும் என் கணவரின் அண்ணன், "அம்மா இனி எங்களோடு இருக்கட்டும், இங்கே பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சென்ற மார்கழியில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம். நாலாம் நாளே அத்தை முகம் வாடிவிட்டது. "நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்று அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போனோம். ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி, சுமார் 260 ஏக்கர்! ஆல்காட் என்ற அமெரிக்கரும் பிளாவட்ஸ்கி என்ற ரஷ்ய அம்மையாரும் 1882-ல் தங்கள் சபைக்காக வாங்கியபோது வெறும் 27 ஏக்கர்தானாம். வெளியே ஒரே ஹாரன் சத்தம். உள்ளே கடல் காற்றும் இலைச் சலசலப்பும்தான். வெயில் உறைக்கவே இல்லை.

மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து மஹோகனி, அடிமரத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்து வறட்சியைத் தாங்கும் ஆப்பிரிக்கப் பெருக்க மரம் என்று எத்தனையோ நாட்டு மரங்கள். சிவன் கோயிலில் நாம் கும்பிடும் நாகலிங்க மரத்துக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காவாம். "சிவனே தன் பூவைச் சீமையிலேருந்துதான் வரவழைச்சாரா?" என்று அத்தை சிரித்தார்.

இதுதான் சமயம் என்று, "பாருங்க அத்தை, எங்கேயோ பிறந்த மரமெல்லாம் இந்த மண்ணுல எப்படி வேர் பிடிச்சிருக்கு!" என்றேன்.

"ஏம்மா, இதெல்லாம் விதையாவும் கன்னாவும் வந்தது. எழுபது வருஷ மரத்தைத் தோண்டியா கொண்டாந்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

அங்கே ஓர் ஆலமரம். வயது 450 என்கிறார்கள். 1989-ல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் சுற்றிலும் பரவி நிற்கின்றன. அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நடுவுல இருந்தது போயிட்டாலும், இருந்த இடத்துலயே நிக்குது பாரு" என்றார். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.

அன்று ராத்திரி, அத்தைக்கு இங்கே இருக்க இஷ்டமில்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கணவரின் அண்ணனுக்கு வருத்தம்தான். போனில் இன்னும் அளந்துதான் பேசுகிறார். தை பிறந்து வாடிவாசல் திறந்தபோது அத்தை ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை மதுரையில் டாக்டரிடம் காட்டுகிறோம்.

தோட்டத்துக்குப் போக நினைக்கும் சகோதரிகள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லா நேரமும் உள்ளே விடுவதில்லை. நிறைய நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களை மெதுவாக அழைத்துப் போங்கள்.

— ஒரு வாசகி, அலங்காநல்லூர்