மீன் தொட்டியில் வேண்டாத விருந்தாளிகள்



நம் வீடுகள் பலவற்றின் ஐந்தடியில் இன்று ஒரு மீன் தொட்டி இருக்கிறது. கப்பி, சண்டை மீன், தங்கமீன் என்று பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உடம்பு அலுப்பே தெரியாது.

ஆனால் தொட்டியில் மீன் மட்டும் வளர்வதில்லை. நத்தை வரும், அட்டை வரும், பெயர் தெரியாத புழு வரும். "தொட்டியில பூச்சி வந்திருச்சு டிரசர், என்ன மருந்து ஊத்தலாம்?" என்று மருந்தகத்தில் சிலர் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு ஊற்றுகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. கேட்காமல் ஊற்றுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விதி: தோட்டத்து விஷம் தொட்டிக்கு வேண்டாம்

புல்லுக்கு அடிக்கும் மருந்து, நாற்றங்காலில் நத்தைக்குப் போடும் குருணை, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் மீன் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. நத்தை சாகுமுன் மீன் செத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. தொட்டிக்கு என்று கொஞ்சம் விஷத்தைப் பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். அலமாரியில் வைப்பீர்கள். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு அது விஷம் என்று தெரியுமா?

பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. பழைய போத்தல் எங்காவது மூலையில் கிடந்தால் உடனே மேலாளரிடம் ஒப்படையுங்கள். அதற்கு மாற்று மருந்து இல்லை. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிர் தப்புவது அரிது. எந்த விஷத்தைக் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கிருந்து வருகின்றன?

பூச்சி தானாக முளைப்பதில்லை. லோங்கானிலும் குட்டையிலும் பிடுங்கி வந்த செடியோடு வரும். புது மீனோடு வரும். வந்தவை பெருகுவதற்குக் காரணம் நாம் போடும் தீனி. மீன் தின்றது போக மிச்சம் அடியில் அழுகுகிறது. நத்தைக்கும் புழுவுக்கும் அதுவே விருந்து. ஆகவே, மீன் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். இதைச் செய்தாலே பாதிப் பூச்சி குறைந்துவிடும்.

யார் யார் என்று பார்ப்போம்

நத்தை: இரவில் ஒரு வெள்ளரித் துண்டையோ, வெந்நீரில் வதக்கிய சாலட் இலையையோ தொட்டிக்குள் போட்டு வையுங்கள். காலையில் நத்தைகள் அதில் மொய்த்திருக்கும். அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். நாலைந்து நாள் விடாமல் செய்யுங்கள். கடையில் விற்கும் செம்பு கலந்த மருந்தை அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். அளவு கூடினால் மீனுக்கும் இறாலுக்கும் விஷம். நத்தைகள் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீர் கெட்டு மீனும் சாகும்.

நத்தையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் இருக்கக்கூடும். அவை வாய் வழியாக மனிதன் உடம்புக்குள் போனால் மூளை உறை வீங்கிக் கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் வரும். சின்னப் பிள்ளைகளை நத்தையை வைத்து விளையாட விடாதீர்கள்.

வெள்ளைத் தட்டைப் புழு: கண்ணாடியில் ஊர்ந்து போகும், தலை முக்கோணமாக இருக்கும். பெரிய மீனை ஒன்றும் செய்யாது. தீனி அதிகம் என்பதற்கு அது அடையாளம். தீனியைக் குறைத்து அடி மணலைச் சுத்தம் செய்தால் குறையும்.

தட்டான் குஞ்சு: ஆறு காலோடு செடியில் ஒட்டியிருக்கும். கப்பிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனால் இதைத் தேடுங்கள். வலையால் எடுத்துவிடுவதே மருந்து.

நங்கூரப் புழு: மீன் உடம்பில் நூல் துண்டு தொங்குவது போலிருக்கும். தட்டையாக, வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது மீன் பேன். இவை மீனின் உடம்பையே தின்பவை. ஈர வலையில் மீனைப் பிடித்துக்கொண்டு சின்ன இடுக்கியால் மெதுவாக எடுக்க வேண்டும். எடுத்த மீனைத் தனி வாளியில் வைத்துக் கவனியுங்கள். புது மீன் எதையும் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும்.

செடியைக் குளிப்பாட்டுங்கள்

துணி வெளுக்கும் குளோராக்ஸ் ஒரு கப்புக்குப் பத்தொன்பது கப் தண்ணீர் கலந்து, செடியை அதில் இரண்டு நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, பிறகு தொட்டியில் வையுங்கள். மெல்லிய இலைச் செடி இதைத் தாங்காது. அதைக் கையால் அலசி, தனி வாளியில் வைத்துப் பார்ப்பதே நல்லது. குளோராக்ஸோடு கக்கூஸ் கழுவும் அமிலத்தைக் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் புகை நெஞ்சை அடைக்கும்.

கொசுவை மறக்காதீர்கள்

மீன் உள்ள தொட்டியில் கொசு முட்டையிட்டாலும் புழுவை மீன் தின்றுவிடும். செடி ஊறும் வாளி, மீன் இல்லாத பழைய தொட்டி, சண்டை மீன் செத்துப் போய் அப்படியே கிடக்கும் போத்தல் ஆகியவைதான் ஆபத்து. நம் நாட்டு வெயிலில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு தடவை தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப் புழு வளர விடுவது 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதிகாரி வந்தால் அபராதமும் உண்டு.

சுகாதார இலாகா புகை அடிக்க வந்தால் தொட்டியை நன்றாக மூடி, காற்று மோட்டாரை நிறுத்துங்கள். மோட்டார் வெளிக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும். அந்தப் புகை மீனுக்கு விஷம். புகை கலைந்ததும் மறுபடியும் போடுங்கள்.

உங்கள் கையும் முக்கியம்

உளியிலோ அரிவாளிலோ கையில் வெட்டுப்பட்டிருந்தால் ஆறும்வரை தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டியில் வாழும் ஒரு கிருமி காயத்தில் புகுந்தால், சில வாரம் கழித்து விரலிலோ கையிலோ கட்டி வரும், புண்ணாகும். காசநோய்க் கிருமிக்கு அது உறவுக் கிருமி. சாதாரணக் களிம்புக்கும் மாத்திரைக்கும் ஆறாது. மாதக்கணக்கில் தனி மருந்து சாப்பிட வேண்டும். டாக்டரிடம் போகும்போது "வீட்டில மீன் தொட்டி இருக்கு" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்க உதவும். தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். மோட்டார் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வேண்டாத மீனையும் நத்தையையும் செடியையும் ஆற்றிலோ லோங்கானிலோ கொட்டாதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வளர்த்த பண்டாராயா மீனைச் சிலர் ஆற்றில் விட்டதன் பலனை இன்று லங்காட் ஆற்றில் பார்க்கிறோம். நம் ஆற்று மீனுக்கு அது இடம் விடுவதில்லை. வேண்டாத மீனை வளர்க்க ஆசைப்படும் இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள்.

மீனுக்குத் தீனியை அளந்து போடுங்கள், காயம்பட்ட கையை வெளியே வையுங்கள், விஷத்தை ஸ்டோரிலேயே விடுங்கள். இந்த மூன்றையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தொட்டியும் சுத்தமாக இருக்கும், வீடும் சுகமாக இருக்கும்.