இசைப் பட்டம் படிக்கப் பணம் எங்கே?

மலேசியாவில் இளங்கலை இசை படிக்கும் மாணவருக்கென்று, இசையின் பெயரைத் தாங்கிய உபகாரச் சம்பளம் அரிது. அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் தரும் உபகாரச் சம்பளங்களில் பெரும்பகுதி பொறியியல், கணக்கியல், கணினி, மருத்துவம் என்று போய்விடுகிறது. பணம் வேறு பெயர்களில் இருக்கிறது. பல்கலைக்கழகக் கட்டணத்தில் அரசு தாங்கும் பங்கு, கல்விக் கடன், ஆசிரியர் பயிற்சிக்கான மாதப்படி, மாநில அறவாரியத்தின் உதவி, கூட்டுறவுச் சங்கத்தின் ஊக்கத்தொகை, இந்திய அரசின் உதவித்தொகை ஆகிய எல்லாமே இசை மாணவருக்கும் உரியவை. கேமரன் மலையின் வடகோடியில், புளூ வேலி தோட்டத்தை ஒட்டியுள்ள கம்போங் ராஜா போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இவை ஒரே இடத்தில் எழுதிக் கிடைப்பதில்லை. தேயிலையும் காய்கறியும் விளையும் அந்த மலையில் இசைப் பட்டம் படித்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதும் சுலபமில்லை.

உதவித்தொகையைத் தேடுவதற்கு முன் படிக்கும் இடத்தைத் தேட வேண்டும். செலவில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். பகாங் மாநிலத்தில் இசைப் பட்டம் தரும் அரசுப் பல்கலைக்கழகம் இல்லை. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இசைக் கல்வியில் பட்டம் தருகிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் இசை கற்பிக்கின்றன. ஷா ஆலமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இசைப் பிரிவு பெரியதுதான். ஆனால் அங்கே பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இடம். கேமரன் மலையின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லை. கலை, பண்பாட்டு அமைச்சின் கீழ் 1994இல் தொடங்கிய தேசியக் கலைக் கழகம் இன்று அஸ்வாரா என்று அழைக்கப்படுகிறது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடித்தவர்கள் அங்கே டிப்ளோமாவில் சேர்ந்து, பிறகு பட்டத்துக்குப் போகலாம். இந்த அரசுக் கல்விக்கூடங்களில் மாணவர் கட்டுவது உண்மைச் செலவின் ஒரு சிறு பங்குதான், மீதியை அரசு தாங்குகிறது. விண்ணப்பத்தில் யாரும் உதவித்தொகை என்று எழுதாத இந்த உதவிதான் எல்லாவற்றிலும் பெரியது.

அடுத்தது பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த நிதி, பாடம் எது என்று பார்த்து இசையை ஒதுக்குவதில்லை. தகுதிக் கழகமான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருந்தால் போதும். விண்ணப்பிக்கும் முன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அரசின் ரொக்க உதவியான எஸ்.டி.ஆர். பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு உச்ச அளவு கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற இத்தகைய மாணவர்களுக்கு, முதல் பருவம் தொடங்கும் நேரத்துக் கைச்செலவுக்காக 1,500 வெள்ளி வரை முன்பணமும் உண்டு. அது பின்னர் கடனில் கழிக்கப்படும். விடுதிப் பெட்டிப் படுக்கைக்கும் பஸ் கட்டணத்துக்கும் யாரிடமும் கைநீட்ட வேண்டாம் என்பதால், தோட்டக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் தவணை தொடங்கும். முதல் வகுப்பில் தேறியவர்கள், விதிகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இசை மாணவர்கள் இந்தச் சலுகையை நினைவில் வைத்திருப்பது நல்லது. இசைக்கலைஞரின் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. கல்யாண மாதங்களில் கூடும், மற்ற மாதங்களில் வற்றும். தவணையோ எல்லா மாதமும் ஒரே அளவுதான். அரசுப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் கடனை இப்படிப்பட்ட வருமானத்தில் அடைக்க முடியும். தனியார் கல்லூரியின் இசைப் பட்டத்துக்குப் பல பத்தாயிரம் வெள்ளி ஆகும், பி.டி.பி.டி.என். அதை முழுதும் ஈடுகட்டாது. அத்தகைய கல்லூரிகளில் தேர்வு வாசிப்பின் தரத்தைப் பார்த்துக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைப்பதும் உண்டு. அந்தக் குறைப்பு எத்தனை பருவத்துக்கு, எந்த மதிப்பெண்ணைத் தக்கவைத்தால் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் சேரக் கூடாது.

கடனே வேண்டாம் என்பவர்களுக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் கல்வியியல் இளங்கலைப் பட்டப்படிப்பில் இசைக் கல்வியும் ஒரு துறை. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதந்தோறும் படி உண்டு, முடித்தபின் அரசுப் பள்ளியில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் ஒப்பந்தமும் உண்டு. எந்த ஆண்டில் எந்த வகைப் பள்ளிக்கு இசைத் துறை திறக்கப்படும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். மேடை ஏற வேண்டும் என்ற கனவோடு இருப்பவர்களுக்கு இது சற்றுச் சுருங்கிய வழியாகத் தோன்றலாம். ஆனால் இளங்கலை இசை படிக்க இந்த நாட்டில் உள்ள வழிகளில் குடும்பத்துக்கு மிகக் குறைந்த சுமை தருவது இதுவே.

மாநில அளவில் யாயாசான் பகாங் என்னும் அறவாரியம் பகாங் பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவுகிறது. கம்போங் ராஜாவுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் வரக்கூடும். ஊர் பகாங்கில் இருந்தாலும் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போதான் கைக்கெட்டும் நகரம். மாநிலத் தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கரையில். ஈப்போ மருத்துவமனையில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பேராக் என்றிருக்கும். மாநில உதவிகளில் பிறப்பிடமும் பூர்வீகமும் கேட்கப்படுவதால், பெற்றோரின் பிறப்புப் பத்திரத்தையும் குடியிருப்புச் சான்றையும் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

சமூக நிதிகளில் தோட்டப்புறத்தோடு நெருங்கிய உறவுள்ளது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக, 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய சங்கம் இது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. பெற்றோர் உறுப்பினர்களா என்று வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பங்குப் பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பது வீண்போகாது. மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 1984 முதல் கல்விக் கடன் வழங்கி வருகிறது. பிரதமர் துறையின் கீழ் தொடங்கிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா, பி40 எனப்படும் குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களுக்கான திட்டங்களை அவ்வப்போது அறிவிக்கிறது. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. சென்ற ஆண்டு அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. இந்தியத் தூதரகத்தோடு தொடர்புடைய இந்திய உபகாரச் சம்பள அறக்கட்டளை நிதி 1954 முதல் வசதி குறைந்த மலேசிய இந்திய மாணவர்களுக்கு உதவுகிறது. 2015 நவம்பரில் கோலாலம்பூர் வந்த இந்தியப் பிரதமர் அதற்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் அறிவித்தார்.

கர்நாடக சங்கீதம் படிக்க விரும்புபவர்களுக்குப் பணம் கிடைக்கும் வழி கடல் கடந்து இருக்கிறது. 1950இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நிறுவிய இந்தியக் கலாச்சார உறவுக் கழகமான ஐ.சி.சி.ஆர்., வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொது உதவித்தொகையும், இசைக்கும் நடனத்துக்குமென்று லதா மங்கேஷ்கர் பெயரில் தனி உதவித்தொகையும் தருகிறது. கல்விக் கட்டணத்தைக் கழகமே செலுத்துகிறது. இளங்கலை மாணவருக்கு மாதம் 18,000 இந்திய ரூபாயும், அதற்கு மேல் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். விண்ணப்பம் இணையத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களில் திறக்கும். விமானக் கட்டணம் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுவதால் அறிவிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். சென்னையில் 2013இல் அமைந்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும், தமிழிசை இயக்கத்தோடு பெயர் இணைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தமிழ் மாணவர்கள் முதலில் நினைப்பவை. உதவித்தொகையின் கீழ் எந்தக் கல்விக்கூடங்கள் வருகின்றன என்பதையும், திரும்பி வந்து அரசு வேலைக்குப் போக எண்ணுபவர்கள் அந்தப் பட்டத்துக்கு மலேசியாவில் அங்கீகாரம் உண்டா என்பதையும் கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மேற்கத்திய இசையில் உச்சத் திறமை உள்ளவர்களுக்கு உலகில் சில அபூர்வக் கதவுகள் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள கர்ட்டிஸ் இசைக் கழகம் 1928 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அண்டை நாடான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக இசைப் பள்ளி, யோங் சியூ தோ என்ற இசை ஆசிரியையின் நினைவாக அவர் குடும்பம் தந்த பெருங்கொடையால் வலுப்பெற்றது. அங்கும் மாணவர் உதவி தாராளம். ஆனால் இங்கெல்லாம் இடம் பெறுவதுதான் கடினம்.

உண்மையான தடை இடம் பெறுவதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன எல்லா உதவியும் மாணவர் பல்கலைக்கழக வாசலுக்கு வந்த பிறகே தொடங்குகிறது. பொருளாதாரமோ வரலாறோ படிக்கப் போகிறவருக்கு ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். சான்றிதழ் போதும், அதை அரசுப் பள்ளி கிட்டத்தட்ட இலவசமாகத் தந்துவிடுகிறது. இசைக்குப் போகிறவர் அதோடு தேர்வாளர்கள் முன் வாசித்தோ பாடியோ காட்ட வேண்டும். லண்டனை மையமாகக் கொண்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். போன்ற அமைப்புகளின் நிலைச் சான்றிதழைப் பல துறைகள் எதிர்பார்க்கின்றன. அந்தத் தேர்வுகளில் ஆறாம் நிலைச் செய்முறைக்குப் போக ஐந்தாம் நிலைக் கோட்பாட்டிலோ அதற்கு இணையான தேர்விலோ தேறியிருக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதற்கு முன்னால் ஆசிரியர், ஈப்போவுக்குப் போய்வரும் செலவு, வீட்டில் பயிற்சி செய்ய ஒரு கருவி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் பல ஆண்டுகள் இசைக்குச் செலவழிக்க எத்தனை குடும்பத்தால் முடியும்? பட்டப்படிப்புக் கடனுக்கு நிதிக் கழகம் உண்டு, ஐந்தாம் நிலைத் தேர்வுக்குக் கடன் தர யாரும் இல்லை.

தோட்டத்தில் இசை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மலேசியக் கோயில் திருவிழாக்களில் தமிழ் இளைஞர்களின் உறுமி மேளக் குழுக்கள் வாசிப்பதைப் பலரும் கேட்டிருப்பார்கள். அந்தத் தாள அறிவுக்கு நிலைச் சான்றிதழ் கிடையாது. அதனால் அது விண்ணப்பப் படிவத்தில் ஏறுவதும் அரிது.

கேமரன் மலைக்கும் நாட்டின் கலைப் பரிசுகளுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1929இல் ஜே.ஏ.ரஸ்ஸல் இந்த மலையில் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் ஆதரவில், 2002 முதல் கோலாலம்பூரை மையமாகக் கொண்டு போ கேமரோனியன் கலை விருதுகள் வழங்கப்பட்டன. இசை, நாடகம், நடனக் கலைஞர்களுக்கு அது மதிப்பான விருது. வளர்ந்து மேடையேறிய கலைஞருக்கு மலையின் பெயரில் விருது இருக்க, மலையில் வளரும் பிள்ளையின் முதல் வயலினுக்கு நிதி இல்லை. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய எல் சிஸ்தேமா இயக்கம் இந்தச் சிக்கலை மறுமுனையிலிருந்து பிடித்தது. ஏழைப் பிள்ளைகளின் கையில் சிறு வயதிலேயே கருவியைக் கொடுத்து, குழுவாக இலவசமாகக் கற்பித்தது. கோலாலம்பூரில் 1981இல் சுவாமி சாந்தானந்தர் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இந்திய இசையையும் நடனத்தையும் சேவை மனப்பான்மையோடு கற்பித்து வருகிறது. ஆனால் கம்போங் ராஜாவிலிருந்து வாரம் ஒருமுறை அங்கே போய்வர முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பப் பெரிய அறவாரியம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தையும் ஒரு பொதுக் கருவியையும் ஏற்க முடியும். அந்தப் பிள்ளைகள் நான்காம் படிவத்துக்கு வருவதற்குள் அதைத் தொடங்க வேண்டும்.