கண்ணில் இரத்தத் திட்டு: பயம் பெரிது, நோய் சிறிது

மிளகாய்க் கன்று நடுகின்ற நாட்களில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் குடியிருப்பு ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். எல்லோரும் தோட்டத்தில் நிற்க, ஒரு தாய் மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி கொட்டிலுக்குள் இருந்தார். காலையில் எழும்பிக் கண்ணாடி பார்த்தபோது வலது கண்ணின் வெள்ளைப் பகுதி இரத்தமாகக் கிடந்ததாம். "கண் போச்சுது, சுவாமி" என்று அழுதார்.

அயலவர்கள் அதைத் தொற்றும் கண்நோய் என்று நினைத்துவிட்டார்கள். பொதுக் கிணற்றுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாவூறு என்றார் ஒருவர். இரண்டு நாட் கூலியும் போய்விட்டது.

"நோகிறதா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். நல்ல கண்ணைக் கையால் மூடச் சொல்லி, தூரத்தில் நின்ற வேம்பைக் காட்டினோம். தெளிவாகத் தெரிந்தது. பீளை இல்லை. ஒரு கிழமையாகக் கடும் இருமல் இருந்தது என்பதும் தெரியவந்தது.

நடந்தது என்ன?

கண்ணின் வெள்ளையை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதில் மயிரிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பலமாக இருமினால், தும்மினால், வாந்தியெடுத்தால், மலங்கழிக்க முக்கினால், பாரம் தூக்கினால் அல்லது கண்ணைக் கசக்கினால் அவற்றில் ஒன்று வெடித்துவிடலாம். சில வேளைகளில் காரணம் எதுவும் இல்லாமலும் இது வரும். பிரசவத்தின்போது ஏற்படும் அமுக்கத்தால் பிறந்த குழந்தையின் கண்ணிலும் காணப்படலாம்.

கையில் அடிபட்டால் தோலின் கீழ் இரத்தம் கண்டிப்போவதில்லையா? இதுவும் அத்தகையதே. தோல் மறைப்பதால் அந்தக் கண்டல் நீலமாகத் தெரிகிறது. கண்ணின் சவ்வோ கண்ணாடி போன்றது. அதன் பின்னால் இருப்பதும் வெள்ளை. எனவே ஒரு துளி இரத்தமும் பெரிதாகத் தெரிகிறது. முதல் ஓரிரு நாட்களில் திட்டு பரவக்கூடும். பின்னர் மஞ்சளாகி, பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மறைந்துவிடும். இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

இதற்கு மருந்து தேவையில்லை. கண்ணைக் கசக்காதீர்கள். சில நாட்களுக்குப் பாரம் தூக்குவதைக் குறையுங்கள். தாய்ப்பால், பூச்சாறு, வெங்காயச் சாறு போன்றவற்றைக் கண்ணில் விடாதீர்கள். அவற்றால் கிருமி தொற்றலாம். வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த மருந்துகள் சில கண்களுக்குப் பெருங்கேடு செய்யும்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய வேளைகளும் உண்டு:

- கண் நொந்தால், பார்வை மங்கினால், வெளிச்சத்தைப் பார்க்க முடியாவிட்டால்.
- தடி, முள், நெல் உமி, மண்வெட்டியில் தெறித்த துண்டு முதலியன கண்ணில் பட்டிருந்தால், அல்லது தலையில் அடிபட்டிருந்தால்.
- முரசிலோ மூக்கிலோ உடம்பின் வேறு இடத்திலோ இரத்தம் கசிந்தால்.

பீளை வடிந்தாலும், திட்டு மீண்டும் மீண்டும் வந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு விடாத இருமலோடு இது வந்தால், அது குக்கலாக இருக்கலாம், தாமதியாது காட்டுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள்.

கண் தந்த எச்சரிக்கை

அந்தத் தாயை நாம் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணைப் பார்த்த வைத்தியர் அதற்கு மருந்து தரவில்லை. ஆனால் குருதி அமுக்கத்தை அளந்தபோது அது மிக உயர்ந்திருந்தது. அதுவரை அவர் ஒருநாளும் அதை அளந்து பார்த்ததில்லை. அந்த நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது. கவனியாமல் விட்டால் பாரிசவாதம் வரை கொண்டு செல்லும். கண்ணில் இரத்தத் திட்டு வந்தவர்கள், சிறப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்கள், குருதி அமுக்கத்தை ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் தேவையில்லை.

பதினொரு நாட்களில் திட்டு மறைந்தது. அதற்கு முன்பே அவர் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் திரும்பிவிட்டார். அயலவர்களிடம் நாம் பேசியதும் தடை நீங்கியது. ஊரையும் காணியையும் விட்டு வந்தவர்களுக்கு அயலே பெருந்துணை. அயலில் ஒருவரின் கண் சிவந்திருந்தால் ஒதுங்காதீர்கள். "நோகிறதா? பார்வை தெரிகிறதா?" என்று முதலில் கேளுங்கள்.