ஒளிர்வதெல்லாம் சிறுநீரா?

ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஊதா நிறச் சிறு டார்ச் இப்போது பல வீடுகளுக்கும் வந்துவிட்டது. பூனை, நாய் வளர்ப்பவர்கள் அதை வேறொரு வேலைக்காக வாங்குகிறார்கள். வீட்டுக்குள் எங்கிருந்தோ நாற்றம் வருகிறது. இடம் மட்டும் பிடிபடவில்லை. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு இந்த டார்ச்சை அடித்தால், பகலில் கண்ணுக்குத் தெரியாத சிறுநீர்க் கறை மங்கிய மஞ்சளாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ ஒளிர்கிறது. இந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள், ஒளி பற்றிய பாடம் நடக்கும்போது கேட்டுவிடுகிறார்கள்: “சார், மூத்திரத்துல பாஸ்பரஸ் இருக்கறதாலதான் அது ஒளிருதாமே, உண்மையா?”

நல்ல கேள்வி. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இதற்குள் இருக்கின்றன. “ஆமாம்” என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. இணையத்தில் பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த விடை தவறு.

முதலில் அந்த ஒளியைப் பார்ப்போம். 1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைக் கண்டறிந்தார். ஒரு பக்கம் அப்படியென்றால் மறுபக்கம் என்ன இருக்கும் என்று யோசித்த ஜெர்மானியர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், 1801இல் ஊதாவுக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெள்ளி குளோரைடை வைத்தார். ஊதா ஒளி படும் இடத்தைவிட அங்கே அது விரைவாகக் கறுத்தது. அதுதான் புறஊதாக் கதிர். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கும். 400க்குக் கீழே 315 வரை உள்ளதைப் புறஊதா-ஏ என்கிறோம். நோட்டு டார்ச்சிலிருந்து வருவது இந்த வகைதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி எப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுகிறது? சில மூலக்கூறுகள் புறஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. அவற்றின் எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகின்றன. அங்கே நிற்க முடியாமல் உடனே இறங்கிவிடுகின்றன. இறங்கும் வழியில் ஆற்றலின் ஒரு பகுதி அதிர்வாகவும் வெப்பமாகவும் போய்விடுவதால், மீதி ஆற்றலே ஒளியாக வெளிவருகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும் என்பதை நம் மாணவர்கள் படித்திருக்கிறார்கள். ஆகவே புறஊதாவாக உள்ளே போனது நீலமாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ வெளியே வருகிறது. இதுவே உடனொளிர்வு. டார்ச்சை அணைத்ததும் ஒளிர்வும் நின்றுவிடும்.

இதை முறையாக ஆராய்ந்து 1852இல் எழுதியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். குயினைன் கரைசல் உள்ள சோதனைக் குழாயை நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் நகர்த்திப் பார்த்தார். சிவப்பில் ஒன்றுமில்லை, பச்சையில் ஒன்றுமில்லை. ஊதாவைத் தாண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் குழாய் நீலமாக ஒளிர்ந்தது. நீலகிரிப் பள்ளிகளில் இதைச் சொல்லும்போது, நடுவட்டத்தில் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் எடுத்த அரசுத் தொழிற்சாலை இருந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். மாணவர்கள் கூர்ந்து கேட்பார்கள்.

இப்போது பாஸ்பரஸுக்கு வருவோம். இந்தத் தவறான விடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற இரசவாதி, பொன் செய்யும் ஆசையில் ஏராளமான சிறுநீரைக் காய்ச்சி வடித்தார். கிடைத்தது பொன்னல்ல, இருட்டில் தானே ஒளிரும் வெண்பாஸ்பரஸ். அதற்கு டார்ச் தேவைப்படவில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளிர்ந்தது. அது வேதியொளிர்வு, உடனொளிர்வு அல்ல. தவிர, சிறுநீரில் தனிம நிலையில் பாஸ்பரஸ் கிடையாது; பாஸ்பேட் உப்புகளாகத்தான் இருக்கிறது. அந்த உப்புகள் டார்ச் ஒளியில் ஒளிர்வதில்லை. “சிறுநீரிலிருந்து எடுத்த பொருள் ஒளிர்ந்தது, சிறுநீரும் ஒளிர்கிறது, ஆகவே காரணம் அதுதான்” என்று இரண்டு வேறு நிகழ்வுகளை யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தனிமமும் சேர்மமும் ஒன்றல்ல என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

உண்மையில் ஒளிர்பவை சிறுநீரிலுள்ள கரிமச் சேர்மங்கள். டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள், ரைபோஃபிளேவின் எனும் வைட்டமின் பி2, டெரிடின்கள், சிறு அளவில் போர்ஃபிரின்கள் ஆகியவை கூட்டாக அந்த மங்கிய ஒளியைத் தருகின்றன. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்ட நாளில் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவதை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். உடலுக்குத் தேவைப்படாத பி2 வெளியேறுவதுதான் அது. அந்த மாத்திரையில் ஒன்றைப் பொடித்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கி, இருட்டில் டார்ச் அடித்துக் காட்டுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாகத் தண்ணீர் முழுதும் ஒளிரும். சிறுநீரை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை, கொண்டுவரவும் கூடாது.

கூடவே வேறு பொருள்களையும் வரிசையாக வைக்கலாம். சலவைத்தூள், சலவை செய்த வெள்ளைச் சட்டை, நோட்டுப் புத்தகத்தின் வெள்ளைத் தாள், கிருமிநாசினித் திரவத்தில் கலக்கிய மஞ்சள்தூள், நன்கு பழுத்த வாழைப்பழம், ஒரு ரூபாய் நோட்டு. சலவைத்தூளில் ஒளியூட்டும் சாயம் சேர்க்கிறார்கள். புறஊதாவை நீலமாக மாற்றித் துணியை “வெள்ளைக்கும் வெள்ளையாக” காட்டுவது அதுதான். தாளிலும் அதே வகைச் சாயம் உண்டு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வாழைப்பழம் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து உண்டாகும் பொருள்கள் தோலை நீலமாக ஒளிரச் செய்கின்றன. ரூபாய் நோட்டில் எண்களும் தாளுக்குள் பதித்த சிறு இழைகளும் ஒளிரும். பருத்தியால் செய்த அந்தத் தாள் சாதாரணத் தாளைப்போலப் பளிச்சிடாது. கிராமத்து மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: தேளின் மேலோடு இந்த ஒளியில் நீலப்பச்சையாகப் பளபளக்கும். ஆய்வாளர்கள் இரவில் தேள்களைத் தேடுவது இப்படித்தான்.

இவ்வளவும் ஒளிர்கிறது என்று கண்டபின், முதற்கேள்விக்கு மாணவர்கள் தாமாகவே வருவார்கள். வீட்டுத் தரையில் ஒரு திட்டு ஒளிர்கிறது. அது பூனையின் சிறுநீர் என்று எப்படிச் சொல்வது? சலவைத்தூள் கலந்த நீர் சிந்திய இடமாக இருக்கலாம். ரசம் சிந்திய இடமாக இருக்கலாம். சில பசைகளும் எண்ணெய்களும் ஒளிரும். மறுபுறம், ஒளிராத இடத்தில் சிறுநீர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது; நீர்த்துப்போன கறையின் ஒளிர்வு கண்ணுக்கு எட்டாது. டார்ச் காட்டுவது சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டுமே. இதில் தவறினால் பூனைக்குத்தான் அடி விழும். படுக்கையை நனைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் பழி எங்கே போகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

டார்ச்சின் தரமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. விலை குறைந்தவை பெரும்பாலும் 395 நானோமீட்டர். அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் நிறைய வருவதால், தரை முழுதும் ஊதாவாகத் தெரிந்து மெல்லிய ஒளிர்வு அதற்குள் அமிழ்ந்துவிடும். 365 நானோமீட்டர் டார்ச்சில், அதுவும் முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி இருந்தால், ஊதா மிகக் குறைவு. கறை தனித்துத் தெரியும். அந்தக் கறுப்புக் கண்ணாடியின் முன்னோடி ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் உருவாக்கிய கண்ணாடி. தோல் மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் சிலவகைப் படர்தாமரையைக் கண்டறியப் பயன்படுத்தும் வுட் விளக்கு அவர் பெயரால் அமைந்ததே.

பளிச்சென்று தெரியாத இந்த 365 விளக்கில்தான் ஆபத்தும் கூடுதல். கண் கூசாது, இருட்டில் பாவை விரிந்திருக்கும், கதிர் தடையின்றி உள்ளே போகும். யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. கண்ணாடியிலோ பளபளப்பான பாத்திரத்திலோ பட்டுத் திரும்பவும் விடக் கூடாது. டார்ச் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். கிருமி நீக்கும் புறஊதா-சி விளக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது; அது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். பாதுகாப்புக் கண்ணாடி உண்மையில் காக்கிறதா என்பதை ஒரு சோதனையாகவே செய்யலாம். வெள்ளைத் தாளுக்கும் டார்ச்சுக்கும் நடுவே அந்தக் கண்ணாடியைப் பிடியுங்கள். தாளின் நீல ஒளிர்வு அணைந்தால் கண்ணாடி கதிரைத் தடுக்கிறது. மாணவர்களின் மூக்குக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் பாடவேளை போதாது!

சந்தேகத்தை எப்படி உறுதிசெய்வது? மூக்கு முதல் கருவி. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. அது சிதையும்போது எழும் நெடி மற்றவற்றோடு குழம்பாது. அடுத்து இடமும் வடிவமும். எல்லை குறிக்கும் ஆண் பூனை சுவரில் பீய்ச்சும். கறை மேலிருந்து வழிந்திருக்கும். சிறுநீர் கழிக்க உட்கார்ந்த பூனையின் கறை தரையில் குளமாக இருக்கும்.

இதற்கு மேல் ஒரு வேதிச் சோதனையும் உண்டு. அதற்கு வேண்டியது சமையலறைக் கொள்ளு. பச்சைக் கொள்ளில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிக்கும். இரண்டு கரண்டி கொள்ளைப் பொடித்து அரை தம்ளர் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அதில் பாதியை நன்கு கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இரண்டு சோதனைக் குழாய்களில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை இடுங்கள். ஒன்றில் கொதிக்காத கொள்ளு நீர், மற்றதில் கொதித்தது. சிறிது நேரத்தில் முதல் குழாயின் லிட்மஸ் நீலமாகும். இரண்டாவது மாறாது, வெப்பத்தில் நொதி செயலிழந்துவிட்டது. கறை துடைத்த பஞ்சை நனைத்துப் பிழிந்த நீரிலும் இதே சோதனையைப் பெரியவர்கள் கையுறையோடு செய்யலாம். சோப்பு நீரும் லிட்மஸை நீலமாக்கும் என்பதால்தான் கொதித்த குழாய் தேவை. இரண்டிலும் நீலமானால் காரணம் வேறு காரப்பொருள். கொதிக்காததில் மட்டும் நீலமானால் அங்கே யூரியா இருக்கிறது. பழைய கறையில் பாக்டீரியா ஏற்கெனவே யூரியாவைத் தின்று தீர்த்திருக்கும். அப்போது இந்தச் சோதனை உதவாது.

வீட்டுப் பூனையைவிட நமக்கு நெருக்கமான இடம் ஒன்று உண்டு: சத்துணவுக் கூடத்தின் பொருள் அறை. எலியின் சிறுநீரும் இதே ஒளியில் ஒளிரும். தானிய மூட்டைகளில் எலி நடமாட்டத்தைக் கண்டறிய உணவு ஆய்வாளர்கள் புறஊதா விளக்கைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். எலிச் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா பரவி எலிக்காய்ச்சல் வருகிறது. அரிசி மூட்டையில் சிதறல் சிதறலாக ஒளிர்வு தெரிந்தால், பக்கத்தில் புழுக்கை, உரோமம், கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒளிர்வு மட்டும் இருந்தால் அது சாக்கு நெய்யும்போது பட்ட எண்ணெயாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்திருந்தால் அந்த மூட்டையை ஒதுக்கிவைத்துத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

வழக்கமான இடத்தைவிட்டு வீடெங்கும் சிறுநீர் கழிக்கும் பூனையைத் திட்டுவதற்கு முன் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பாதை நோயின் முதல் அறிகுறி பலநேரம் இதுதான். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அன்றே போக வேண்டும். அடைப்பு உயிரைப் பறிக்கும்.

கறை கண்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, விளக்கைப் போட்டபின் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார்கள். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு அது வினைபுரிந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பள்ளிக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றினால் எழுவது குளோரின்; சன்னல் இல்லாத சிறு அறையில் துப்புரவுப் பணியாளர் மயங்கி விழ அது போதும். பணியாளருக்கு இதை ஒருமுறையாவது நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டுக் கறைக்கு முதலில் நிறையத் தண்ணீர், பிறகு சோப்பு, மீண்டும் தண்ணீர். நாற்றம் விடாவிட்டால் நொதி கலந்த துப்புரவுத் திரவம்.

கழுவிக் காய்ந்தபின் டார்ச் அடித்தால் அந்த இடம் முன்பைவிடப் பளிச்சென்று ஒளிரக்கூடும். சலவைத்தூளின் சாயம் தங்கியிருக்கும். அப்போது மோந்து பார்ப்பதே வழி.