மெதுவாக விழுந்தாலும் மறைக்க வேண்டாம்

ஓடும் வேகமே இரு சக்கர வண்டியை நிமிர்த்தி வைக்கிறது. வேகம் குறைந்து நிற்கும் தறுவாயில் அதன் எடையை ஓட்டுபவரின் கால்களே தாங்க வேண்டும். சாதாரண மோட்டார் சைக்கிளே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். புல்லட் வகை ஏறக்குறைய 190 கிலோ. துறைமுகம் செல்லும் லாரிக்கு ஒதுங்கி மணலில் கால் ஊன்றும்போதோ, மீன் வண்டியிலிருந்து ஒழுகிய நீரில் முன் பிரேக்கைப் பிடித்துத் திரும்பும்போதோ வண்டி சாய்ந்துவிட்டால் தாங்கிப் பிடிப்பது அரிது. பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்கும் இது நேர்வதுண்டு.

விழுந்தவர் முதலில் பார்ப்பது தம் உடலை அன்று. யார் பார்த்தார்கள் என்பதை. "ஒன்றுமில்லை" என்று சொல்லியபடியே வண்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். வீட்டிலும் சொல்வதில்லை. சிலர் மருத்துவரிடம்கூடக் குளியலறையில் வழுக்கியதாகக் கூறுவர். கூச்சம் இயல்பானதே. ஆயினும், எப்படி விழுந்தீர்கள் என்பதை அறிந்தால்தான் எந்த உறுப்பைக் கூர்ந்து சோதிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டிலுள்ள ஸ்கேபாய்டு என்னும் சிறு எலும்பு முறியக்கூடும். முதல் எக்ஸ்-ரேயில் அது தெரியாமலும் போகலாம்; வலி நீடித்தால் 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுக்க வேண்டும். சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் எலும்பு கூடாமலே போய், மணிக்கட்டு நிலையாகப் பழுதுபடலாம். வண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்தினால், வெளியே சிறு கன்றல் மட்டும் இருக்க, உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ காயமுற்றிருக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போருக்கும் முதியோருக்கும், தலையில் பட்ட இலேசான அடியும் மூளையைச் சுற்றி மெல்ல இரத்தம் கசியச் செய்யலாம். அறிகுறிகள் சில வாரங்கள் கழித்தும் தோன்றும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவருக்கு, சைலன்சர் சுட்டதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

விழுந்தால் உடனே எழ முயலாதீர்கள். சாலையில் ஆபத்தில்லையெனில் சற்று அமர்ந்து கை, கால், கழுத்தில் வலி உள்ளதா எனக் கவனியுங்கள். வண்டியின் சாவியை அணைத்து, அதைத் தூக்க மற்றவர் உதவியைப் பெறுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்நீர் படட்டும்; பற்பசையும் மையும் வேண்டாம். வாந்தி, மயக்கம், மிகுந்த தூக்கம், கடும் தலைவலி, வயிற்றுவலி, காலை ஊன்ற இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "வண்டிக்கு என்ன ஆயிற்று?" என்பதற்கு முன் "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். கேலி செய்தால், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.

உதவி கேட்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. இங்கு முத்துக்குளித்தவர்கள் கயிற்றை அசைத்ததும் படகிலிருந்த துணையாள் மேலே இழுத்துவிடுவார். கயிற்றை அசைத்ததற்காக எவரும் அவர்களைத் திறமையற்றவர் என்று சொன்னதில்லை. நீங்களும் விழுந்த அன்றே வீட்டில் சொல்லுங்கள். வலி இருந்தால் மறுநாளே மருத்துவமனைக்கு வாருங்கள்.