செவ்வாயில் நகரும் மணல்

செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காற்றுக்கு மணல்மேட்டை நகர்த்த வலு ஏது என்றே பலர் நினைத்திருந்தனர். செவ்வாயின் நிலி பட்டேரா பகுதியை நாசாவின் சுற்றுக்கலம் வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களைக் கணினியால் ஒப்பிட்ட ஆய்வு 2012 இல் வெளியானது. மேடுகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன! மணல் இடம்பெயரும் அளவும் அந்தாட்டிக்காவின் விக்டோரியா பள்ளத்தாக்கில் உள்ள மணல்மேடுகளுக்கு ஈடு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணினி முறை பிறந்தது பூமிக்காக, நிலநடுக்கத்தில் தரை எவ்வளவு விலகியது என்று அளக்க. மெல்ல நழுவும் மலைச்சரிவையும் அது காட்டிக்கொடுக்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தை லயன்களை மண் மூடியதைப் பதுளை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் மழைக்காலத்தில் நம் மலைகளைப் படமெடுக்க விடாமல் முகில் மறைத்துவிடும். முகிலை ஊடுருவும் ரேடார் செய்மதிகளே அப்போது கைகொடுக்கும்.