உறுதி எழுதிவிட்டால் வீடு உரித்தாகிவிடுமா?

மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தெற்கே நீளும் கரையோர ஊர்களில் கிழக்கே கடலும் மேற்கே வயல்களுமே எல்லைகளாக உள்ளன. இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் குடும்பங்கள் பெருகப் பெருக வளவுகள் துண்டாடப்பட்டு, இன்று காணி பேர்ச் கணக்கிலேயே விலை பேசப்படுகிறது. மத்திய கிழக்கில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்து ஒருவர் இங்கு வீடொன்றை வாங்கும்போது, அவரது கைக்கு வருவது ஓர் உறுதிப் பத்திரம் மட்டுமே. அது பதிவாகிவிட்டால் காரியம் முடிந்துவிட்டதென்று நம்மவர்களில் பலர் கருதுகின்றனர். சட்டமோ அவ்வாறு கருதுவதில்லை.

இலங்கையில் காணி, வீடு போன்ற அசையா ஆதனங்களின் விற்பனை 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தால் ஆளப்படுகிறது. எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்படாத விற்பனை சட்டத்தின் கண்களில் செல்லுபடியற்றது. பள்ளிவாசல் நிருவாகிகள் முன்னிலையில் பேசி முடித்ததும், வெற்றுத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிக்கொண்டதும், முழுப்பணத்தையும் கொடுத்துத் திறப்பை வாங்கியதும் உரித்தை மாற்றமாட்டா. இது பரவலாகத் தெரிந்த விடயமே. தெரியாதிருப்பது அடுத்த படியாகும்.

1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிப் பதிவகத்தில் பதியப்படுவது ஆவணமேயன்றி உரித்து அல்ல. விற்பவருக்கு அந்த வீடு உண்மையில் சொந்தமா என்பதைப் பதிவாளர் விசாரித்துத் தீர்ப்பதில்லை. விற்பவரிடம் கால்வாசிப் பங்கே இருந்தால், முழு வீட்டுக்கும் உறுதி எழுதிப் பதிந்தாலும் வாங்கியவருக்குச் சேர்வது அந்தக் கால்வாசியே. பதிவினால் கிடைப்பது முன்னுரிமையாகும். ஒரே உரிமையாளர் ஒரே வீட்டை இருவருக்கு விற்றிருந்தால், பின்னர் வாங்கியவர் மோசடியின்றி விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்துகொண்டாராயின், முந்திய உறுதியைப் பதியாமல் அலுமாரியில் வைத்திருந்தவர் தோற்றுவிடக்கூடும். ஆகையால் பதிவு தாமதமின்றிச் செய்யப்பட வேண்டியதே; ஆயினும் அது உரித்துக்கான உத்தரவாதமன்று. உரித்தையே அரசு உறுதிப்படுத்தும் முறை 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தினால் கொண்டுவரப்பட்டது. 'பிம் சவிய' எனப்படும் அத்திட்டம் பிரதேசம் பிரதேசமாகவே நடைமுறைக்கு வருகிறது. அது வந்துசேராத இடங்களில் உறுதிகளின் சங்கிலியே உரித்துக்கு ஆதாரம்.

நமது கரையோரத்தில் இச்சங்கிலி பெரும்பாலும் அறுந்துபோவது சீதன வீட்டில்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது இங்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் வேரூன்றிய வழக்கம். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு நடத்திய அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். பெண்ணின் கையில் ஆதனம் இருக்கச் செய்யும் இவ்வழக்கத்தின் நன்மையை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. (அவ்வீட்டைக் கட்டி முடிக்கப் பெற்றோர் படும் கடன் வேறு கதை.) ஆனால் வீட்டைக் கொடுத்தவர்கள் எல்லோரும் உறுதி எழுதிக் கொடுத்தார்களா? பல குடும்பங்களில் மூத்த மகளுக்கு உறுதி எழுதப்பட்டிருக்கும். இளைய மகளுக்கு வாய்ச்சொல்லே இருக்கும். வாப்பா காலமாகும் அந்த நாளிலேயே, ஊரறிய மகளின் வீடாக இருந்தது சட்டத்தில் எல்லா வாரிசுகளுக்கும் உரிய வீடாகிவிடுகிறது. அவ்வீட்டில் இருபதாண்டுகள் வாழ்ந்த மகள் அதனைத் தனியாக விற்க முற்படும்போதே இது வெளிப்படும்.

வாரிசுரிமையில் நமது இரு சமூகத்தாரையும் ஆளும் சட்டங்கள் வெவ்வேறானவை. மரணசாசனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் முஸ்லிம் சட்டத்தைப் பின்பற்றிப் பிரியும். கரையோரத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது, அது யாழ்ப்பாணத்தாருக்குரியது. இவர்களுக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமே பொருந்தும். தன் பெயரில் வீடுள்ள ஒரு பெண், கணவரையும் ஒரு மகனையும் இரு மகள்மாரையும் விட்டு இறக்கிறாரென வைத்துக்கொள்வோம். அவரது பெற்றோர் உயிருடன் இல்லை. அவர் முஸ்லிமாயின் வீட்டைப் பதினாறு பங்காக்கினால் கணவருக்கு 4, மகனுக்கு 6, மகள்மாருக்குத் தலா 3 பங்கு சேரும். பெற்றோர் இருந்தால் கணக்கு மாறும். தமிழ்ப் பெண்ணாயின் கணவருக்குப் பாதியும், பிள்ளைகள் மூவருக்கும் எஞ்சிய பாதியில் சம பங்கும் கிடைக்கும். எவ்வாறாயினும் வீட்டை முழுமையாக விற்பதற்கு நால்வரும் கையொப்பமிட்டாக வேண்டும். அவர்களுள் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் நீதிமன்ற அனுமதியும் அவசியம். இறந்தவரின் சொத்து சட்டம் குறித்த பெறுமதியைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றில் மரணசாதன வழக்கு முடியும்வரை பொறுத்திருப்பதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

"பத்து வருடத்துக்கு மேல் நான்தானே இருக்கிறேன், ஆட்சி எனக்குத்தான்" என்று விற்பவர் கூறுவதுண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு ஆட்சியை ஏற்பது உண்மையே. ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, அவரது உரிமையை ஏற்காது ஆளும் ஆட்சியாக இருக்க வேண்டும். கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களின் ஆட்சியுமாகும் என்பதை கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவுக் கவுன்சில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தெளிவுபடுத்திவிட்டது. தங்கை வீட்டில் இருக்கிறாள், காக்கா கட்டாரில் இருக்கிறார் என்பதனால் மட்டும் காக்காவின் பங்கு அழிந்துவிடாது.

ஆகவே வாங்குபவரின் பணத்தில் முதற்செலவு தேடுதலுக்குரியதாக இருக்க வேண்டும். குறைந்தது முப்பதாண்டு காலப் பதிவுகளைப் பார்ப்பதே சட்டத்தரணிகளின் வழமை. வீடு ஈட்டில் உள்ளதா, பாகப்பிரிவினை வழக்குக் குறித்த அறிவித்தல் பதியப்பட்டுள்ளதா, முன்பே பிரிபடாத பங்கு எவருக்கும் எழுதப்பட்டுள்ளதா என்பன அங்கே தெரியவரும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த சீதனமும் பதியப்படாத வாரிசுகளும் அங்கே தெரியவரமாட்டா. அவற்றை அயலாரிடமும் கிராம அலுவலரிடமும் விசாரித்தே அறிய வேண்டும். உறுதி எழுதுமுன் பதிவேடுகளைத் தேடுவது 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசின் கடமைகளுள் ஒன்று. எனினும் தரப்பினர் தேடுதல் வேண்டாமென்றால் அதனைக் குறித்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டு அவர் உறுதியை முடிக்கலாம். அவசரத்தில் சிலநூறு ரூபாவை மிச்சம் பிடிக்க அந்த வரியின் கீழ் வாசித்துப் பாராமல் ஒப்பமிடுவோர் அநேகர்.

நன்கொடை உறுதி மூலம் வந்த வீடாயின் மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கூறிய 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முஸ்லிம் ஒருவர் எழுதிய நன்கொடை உறுதியில் 'மீளப்பெற முடியாதது' என்று குறிப்பிடப்படாவிட்டால் அது மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படமாட்டாது. கொடுத்த பெற்றோர் உயிருடனிருப்பின் விற்பனை உறுதியில் அவர்களது சம்மதக் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். 'மீளப்பெற முடியாதது' என்று எழுதப்பட்டதைக்கூட, கொடுத்தவருக்குப் பெரும் நன்றிகேடு இழைக்கப்பட்டால் நீதிமன்றின் மூலம் நீக்க 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது.

2004 டிசம்பர் 26 கடற்கோள் இக்கரையில் உயிர்களோடு ஆவணங்களையும் அள்ளிச் சென்றது. மூல உறுதி தொலைந்ததால் உரித்துத் தொலைவதில்லை. உரிமையாளருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, காணிப் பதிவகத்துக்கு இணைப்பிரதி ஒன்று என நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியையும் மூன்றாக ஆக்குவதனால் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அழிந்த வீட்டுக்கு மாற்றாக அரச காணியில் கிடைத்த வீட்டின் நிலை வேறு. மனைவியின் உறுதி வீடு போன இடத்தில் புதிய வீடு குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவருக்குக் கொடுக்கப்பட்டமை பல இடங்களில் நிகழ்ந்ததாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். பெர்மிட்டிலோ அளிப்புப் பத்திரத்திலோ உள்ள அரச காணி உறுதிக் காணியாகாது. அதனை உரிய அதிகாரியின் அனுமதியின்றி விற்க முடியாது. கடற்கரையை அண்டிய உறுதிக் காணியிலும், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி 300 மீற்றர் எல்லைக்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும்.

வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரின் அற்றோணித் தத்துவத்தைக் காட்டி விற்பவர் வந்தால், தத்துவம் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் சொல்லப்பட்டுள்ளதா, கொடுத்தவர் இன்னும் உயிருடனிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் இறந்ததும் தத்துவமும் முடிந்துவிடும். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்து எழுதும் பழக்கமும் நம்மிடையே உண்டு. பிற்காலத்தில் வழக்கொன்று வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிக்கும் பாரம் வாங்கியவர்மீதே விழும்.

இரு தரப்புக்கும் ஒரே நொத்தாரிசு எழுதுவதே ஊர் வழக்கம். பெரும்பாலும் விற்பவரோ தரகரோ அழைத்துவருபவராகவே அவர் இருப்பார். எழுத்துக்கூலியும் தீர்வையும் வாங்குபவரின் பையிலிருந்தே போவதால் ஆளைத் தெரிவுசெய்வதும் அவராக இருப்பதே முறை. வழக்கறிஞருக்குச் செலவிட வசதியற்றோர் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முற்பணம் கொடுக்கும் முன்னரே அங்கு செல்ல வேண்டும். உறுதி முடிந்து, உள்ளூராட்சி சபையின் ஆதன வரி இடாப்பிலும் பெயரை மாற்றிய பின்னர் அல்ல. அந்த இடாப்பில் பெயர் இருப்பது வரி யாரிடம் அறவிடுவதென்பதைக் காட்டுமேயன்றி, வீடு யாருடையதென்பதை அல்ல.